செலவுப் பக்கத்தில் என் நாத்தனார்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்குழம்பும் சண்டையும். குழம்பு நான் வைப்பது. சண்டை என் வீட்டுக்காரரும் என் அண்ணனும் போடுவது. காலைப் பூசை முடிந்து, கோயில் வாசலில் செருப்பைத் தேடும்போதே இருவரும் ஆரம்பித்துவிடுவார்கள். பங்குச் சாமியார் காதில் விழுமே என்றுகூட ஒரு கூச்சம் கிடையாது.

அண்ணன் பேங்க் ஆபீசர். கொரட்டூரில் ஏரிப் பக்கமாக ஃப்ளாட் வாங்கியிருக்கிறான். அவன் பெண்சாதி குவைத்தில் நர்ஸ். அதனால் ஞாயிறு பூசைக்கு எங்கள் பங்குக் கோயிலுக்கே வந்துவிட்டு, வானகரத்தில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுத்தான் போவான். என் வீட்டுக்காரருக்கு அத்திப்பட்டுப் பக்கம் சின்னதாக ஒரு லேத் பட்டறை. அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கிற வேலை. அவர் ஆளும் கட்சி. எலெக்‌ஷன் வந்தால் பட்டறையைச் சாத்திவிட்டு பூத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். அண்ணன் எதிர்க்கட்சி. கொடி பிடிக்க மாட்டான், டி.வி. விவாதத்தை ஒன்று விடாமல் பார்ப்பான், பார்த்ததை எல்லாம் என் வீட்டில் வந்து கொட்டுவான்.

மாநிலத்தின் கடன், தில்லி தர வேண்டிய பங்கு, ஏறின சொத்துவரி, இலவசங்கள், பட்ஜெட்டில் விழுந்த துண்டு. இதைத்தான் இருவரும் எலும்போடு சேர்த்துக் கடிப்பார்கள். ஒருவன் 'லட்சம் கோடி' என்பான். மற்றவர் 'அது யாரால?' என்பார். நாட்டுக் கணக்கைப் பேச யாருக்கும் உரிமை உண்டு, அதில் எனக்கு ஆத்திரமில்லை. என் அப்பாவும் சித்தப்பாவும்கூடப் பேசினவர்கள்தான். ஆனால் பேசுகிற வாய்க்கு எதிரில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை ஏறிட்டுப் பார்க்க வேண்டாமா? அந்தப் புத்தி இந்த இரண்டு பேருக்கும் இல்லை.

எதிரில் நின்றவள் என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் சரியில்லை. வேறொருத்தியோடு போய்விட்டான். இவள் ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள், பிள்ளை குட்டி இல்லை. வந்த மாதமே அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காலையில் எழுந்து எனக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டு, தலையை வாரி முடிந்துகொண்டு, முகப்பில் பிங்க் பெயின்ட் அடித்த பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். அந்த பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. அதில் அவளுக்கு ஒரு கூட்டம் இருந்தது. துணிக் கம்பெனிப் பெண்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள், பூக்காரி ஒருத்தி. மாலையில் வீட்டுக்கு வந்து அந்தக் கூட்டத்தின் கதையை எல்லாம் எனக்கு நடித்துக் காட்டுவாள். நான் ப்ளவுஸ் தைத்துக்கொண்டே சிரிப்பேன். இந்த வீட்டில் எனக்கென்று இருந்த சிரிப்பு அது.

பட்ஜெட் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டு, ரசத்தைப் பிசைந்தபடியே சொன்னான்: “இந்த வருஷம் எங்கிட்ட எவ்ளோ இன்கம்டாக்ஸ் புடிச்சிருக்கான்னு தெரியுமா மாப்ளே? எல்லாம் எங்க போகுது? ஊர்ல இருக்கிற பொம்பளைங்க ஓசி பஸ்ல உலாத்திட்டு வர்றதுக்குப் போகுது. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணாமா?”

அப்போது நாத்தனார் அவன் இலைக்கு அப்பளம் வைத்துக்கொண்டிருந்தாள். வைத்த கை ஒரு கணம் நின்றது. பிறகு இன்னொரு அப்பளமும் எடுத்து வைத்தாள். என் வீட்டுக்காரர், “தில்லிக்காரன் குடுக்க வேண்டிய துட்ட குடுத்தா இன்னாத்துக்கு மச்சான் இந்தப் பேஜாரு?” என்று பிடித்துக்கொண்டார். பேச்சு தில்லிக்குப் போய்விட்டது. அவள் சமையல்கட்டுக்கு வந்து பாத்திரத்தைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் வாய் திறக்கவில்லை. எங்கே, குழம்பு ஆறுமே என்ற கவலை எனக்கு.

மறுநாளிலிருந்து அவள் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினாள். ஓவர்டைம் இருக்கும் போல என்று நினைத்தேன். மாலையில் வந்தால் கதை இல்லை, சிரிப்பு இல்லை. சாப்பிட்டதும் படுத்துவிடுவாள். அந்த வாரமே, லைனிங் துணி வாங்க ஒரு காலையில் ஷேர் ஆட்டோவில் அம்பத்தூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். அயனம்பாக்கம் தாண்டி, கன்டெய்னர் லாரிகள் இடித்துக்கொண்டு போகிற அந்த ரோட்டோரத்தில், முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு ஒருத்தி நடந்து போகிறாள். கையில் எங்கள் வீட்டு டிபன் பை. ஆட்டோவை நிறுத்தச் சொல்லிக் குதித்தேன்.

“இன்னாடி இது? பஸ் வரலியா?”

“வந்துச்சு அண்ணி.”

“அப்புறம் இன்னாத்துக்கு நடக்கற?”

“நடந்தா ஒடம்புக்கு நல்லதுன்னு…”

“எந்த டாக்டரு சொன்னான்? லாரிப் பொகையக் குடிச்சா நல்லதுன்னு சொன்னானா? எங்கிட்ட டபாய்க்காத.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கால் விரல் இடுக்கெல்லாம் புழுதி, குதிகால் வெடிப்பில் ரத்தம் கட்டியிருந்தது. டிபன் பையைக் கை மாற்றிக்கொண்டு சொன்னாள்.

“பஸ்ஸுக்குக் கை காட்டவே வரமாட்டேங்குது அண்ணி. ஏறி ஒக்காந்தா உங்க அண்ணன் எதுர் சீட்ல ஒக்காந்துகினு பாக்கற மாதிரியே கீது. காசு வாங்கிக்கோன்னு கண்டக்டர்கிட்ட நீட்டுனேன். ‘இந்த வண்டில லேடீஸ்கிட்ட வாங்க முடியாதும்மா’ன்னு சொல்லிட்டாரு. எல்லாரும் என்னயே பாத்தாங்க. எறங்கிட்டேன்.”

காசு வாங்குகிற டீலக்ஸ் பஸ் அந்த நேரத்துக்கு அந்த ரோட்டில் வராது. தினமும் போக வர ஷேர் ஆட்டோ என்றால் சம்பளத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். ஆகவே நடை. ரோசம் என்றால் அப்படி ஒரு ரோசம். கம்பெனியில் லேட் மார்க் விழ ஆரம்பித்து, சூப்பர்வைசர் கடைசியாகச் சொல்லிவிட்டாராம், இன்னொரு தடவை கேட் சாத்தின பிறகு வந்தால் அப்படியே திரும்பிப் போய்விடு என்று. இந்த வேலை போனால் அவளுக்கு இந்த உலகத்தில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள வேறு ஒரு பிடிமானமும் கிடையாது.

எனக்கு வந்த கோபத்தில் அந்த ரோட்டிலேயே கத்தினேன். “உன் காசு இல்லியாடி அது? சோப்பு வாங்கறியே, அதுல வரி இல்லியா? எண்ணெய்க்கு, பிஸ்கட்டுக்கு, செல்போனுக்குப் போடற துட்டுக்கு வரி இல்லியா? எவன் வீட்டுக் காசுலடி நீ போற?” அவளை ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். ஏறினாள். ஆனால் நான் சொன்னது அவள் மனசுக்குள் இறங்கவில்லை என்று முகமே சொன்னது.

ரோட்டில் நின்றபடியே அண்ணனுக்கு போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

“ஐயய்யோ, நான் அவங்களையா சொன்னேன்? பொதுவா சொன்னேம்மா. பாலிசி பேசினா பர்சனலா எடுத்துக்கக் கூடாது.”

பொதுவாகச் சொன்னானாம்! பொதுவில் யார் இருக்கிறார்கள்? பொதுவில் மரமா இருக்கிறது, மட்டையா இருக்கிறது? இவள்தான் இருக்கிறாள், பூக்காரி இருக்கிறாள், ஆஸ்பத்திரி ஆயா இருக்கிறாள். குவைத்துக்குப் போகிறவரைக்கும் உன் பெண்சாதி எந்த பஸ்ஸில் டியூட்டிக்குப் போனாள் என்று கேட்டேன். “மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டான். படித்தவனுக்குப் பேச்சு முட்டிக்கொண்டால் மீட்டிங் வந்துவிடும்.

சரி, அவளுடைய சொந்த அண்ணனாவது கேட்கட்டும் என்று மாலையில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தங்கச்சி காலைப் பார்த்தாரா? பார்க்கவில்லை. அவர் முகத்தில் சந்தோஷம்! ஆமாம், சந்தோஷம். சண்டைக்கு நல்ல பாயின்ட் கிடைத்த சந்தோஷம்.

“வரட்டும் ஞாயித்துக்கெயம. இத்த வச்சே உன் அண்ணன கியிச்சித் தொங்கவிடறேன் பாரு.”

“யோவ், அவன கிழிக்கிறது இருக்கட்டும். மொதல்ல அவகிட்ட போய் ரெண்டு வார்த்த பேசு.”

“அதான் ஞாயித்துக்கெயம பேசறேன்னு சொல்றேன்ல.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அண்ணன் வரும்போதே ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிவந்து நாத்தனார் கையில் கொடுத்தான், “எம்மேல கோவமாம்மா?” என்று. “இல்லிங்க” என்றாள். அத்தோடு அவனைப் பொறுத்தவரை கணக்கு முடிந்தது. இலை போட்டோம். நான் பரிமாற, அவள் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சாப்பிடுகிறவர்களுக்கும் நடுவே நான்கடி தூரம் இருக்காது.

அண்ணன்தான் எடுத்தான். “மாப்ளே, இதுல கட்சியே வேணாம். ஒரு வீட்டையே எடுத்துக்கோ. வரவுக்கு மேல செலவு பண்ணிக்கிட்டு, கடனுக்கு மேல கடன் வாங்குற வீடு உருப்படுமா? வீட்டுக் கணக்குதான் நாட்டுக் கணக்கு.”

என் வீட்டுக்காரர் சம்மணத்தைச் சரிசெய்துகொண்டார். வாரம் பூராவும் இதற்காகத்தான் காத்திருந்தார் போல.

“வா மச்சான், ஊட்டுக் கணக்கே பேசுவோம். ஒரு ஊடுன்னா சம்பாரிக்கறவனும் இருப்பான், சும்மா குந்திகினு துன்றவனும் இருப்பான். ரெண்டு பேருக்கும் ஒரே கொயம்புதான ஊத்தறோம்? தோ, என் தங்கச்சி கீறா. இத்தினி வருசமா என் ஊட்ல ஓசிலதான் கீறா. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நான் அவளக் கணக்குக் கேட்டுருப்பனா? கேக்க மாட்டேன். அதான் மச்சான் கவர்மென்ட்டு. குடும்பம் மாதிரி.”

அடித்துவிட்டோம் என்று நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் ஒரு கணம் யோசித்துவிட்டு, “அதான் மாப்ளே உன் பட்ஜெட்ல மாசா மாசம் துண்டு விழுது!” என்றான். இருவரும் சிரித்தார்கள். அந்தக் கட்சியும் இந்தக் கட்சியும் சேர்ந்து என் வீட்டில் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஆண்டவரே, அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

யார் ஓசியில் இருந்தது என்று எனக்குத் தெரியும். இந்த மனுஷனுக்கும் தெரியும். பட்டறையில் ஆர்டர் குறைந்து வருஷக்கணக்காகிறது. கம்பெனிக்காரன் பில்லுக்குப் பணம் தருவதற்குள் இங்கே வட்டி ஏறிவிடும். பாதி நாள் மெஷின் ஓடாது. போன கையோடு டீயைக் குடித்துவிட்டுக் கட்சி ஆபீஸில் பேப்பர் படித்துவிட்டு வருவார். ஒன்றாம் தேதி சம்பளம் வந்ததும், பஸ் காசுகூட வேண்டாமே என்று அப்படியே என் கையில் கொடுப்பவள் அவள். கேஸ் சிலிண்டர் அவள் காசு. கரென்ட் பில் அவள் காசு. திருச்சியில் ஹாஸ்டலில் படிக்கிற என் மகளின் மெஸ் பில்லில் பாதி அவள் காசு. அன்றைக்கு அவர்கள் கடித்த எலும்பும் அவள் காசுதான்.

அதைச் சொன்னால் என்ன? பெண்டாட்டியின் அண்ணன் முன்னால் மாப்பிள்ளையின் கெத்து குறைந்துவிடுமே! பட்டறை படுத்துவிட்டது, தங்கச்சி சம்பளத்தில் அடுப்பு எரிகிறது என்று மச்சானுக்குத் தெரிந்துவிடக் கூடாது. எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. கடன்காரனிடம் அழுவார்கள், மச்சானிடம் அழ மாட்டார்கள். அந்த ஒரு பொய்க் கெத்துக்காக, சம்பாதித்துப் போட்டவளைத் தூக்கிச் செலவுப் பக்கத்தில் எழுதிவிட்டார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அதைவிடக் கேடு. இது கூடப் பிறந்தவள் வீட்டு நெய்.

நான் கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டேன். தெறித்தது.

“யாருயா ஓசி? யாரு ஓசில துன்றது? இந்தக் கறி யாரு துட்டுல வந்துச்சுன்னு உன் மச்சான்கிட்டச் சொல்லு. சொல்ல மாட்ட. நான் சொல்றேன்.” சொன்னேன். சிலிண்டர், கரென்ட், மெஸ் பில், பட்டறை வாடகை பாக்கி, எல்லாவற்றையும் அண்ணன் முகத்துக்கு நேரே போட்டு உடைத்தேன். என் வீட்டுக்காரர் முகம் கறுத்துப் போயிற்று.

இப்போதாவது இருவருக்கும் உறைக்கும் என்று நினைத்தேன். என் முட்டாள்தனம். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்: “தப்பா நினைக்காத மாப்ளே. ஆனா இதத்தான் நானும் சொல்றேன். கடனை மறைச்சு வச்சிட்டு, எல்லாம் நல்லா இருக்குன்னு கணக்குக் காட்டுறது. உங்க கட்சி பண்றதும் இதேதான்.”

“த்தோ பாரு மச்சான், பட்டற படுத்ததே ஒங்காளுங்க ஜால்ரா போட்டுக் கொண்டாந்த ஜிஎஸ்டினாலதான்! எங்க கட்சிய இன்னாத்துக்கு இழுக்கற?”

“ஜிஎஸ்டில மாநிலத்துக்குப் பங்கு இல்லியா?”

“ஒயுங்கா குடுத்தானா?”

மறுபடியும் சண்டையில் இறங்கிவிட்டார்கள். இலையில் சோறு காய, விரலில் குழம்பு காய, இவ்வளவு தூரம் நான் கத்தினதும் அவர்களுக்கு இன்னொரு பாயின்ட் ஆகிவிட்டது. தூ! இதுகளுக்குச் சோறு ஆக்கிப் போட்டேனே என்று வந்தது எனக்கு.

அந்தச் சத்தத்தில் நாத்தனார் எழுந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. உரித்த வெங்காயம் முறத்தில் அப்படியே இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். மண்ணூர்பேட்டையில் கூட வேலை செய்கிற இரண்டு பெண்கள் ரூம் எடுத்திருக்கிறார்களாம், ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறார்களாம், அங்கிருந்து கம்பெனிக்கு நடந்தே போய்விடலாமாம். என்னிடம் அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். போகாதே என்று பெட்டியைப் பிடித்தேன். மெதுவாக என் விரல்களைப் பிரித்துவிட்டாள்.

பெட்டியோடு அவள் ஹாலுக்கு வந்த பிறகுதான் இருவரும் வாயை மூடினார்கள். என் வீட்டுக்காரர் எச்சில் கையோடு எழுந்து வந்தார்.

“இன்னா பாப்பா இது? ஒரு உதாரணத்துக்குச் சொன்னேன். அதுக்குப் போயி…”

“உதாரணத்துக்கு வேற ஆளப் பாருண்ணா” என்றாள். பிறகு என் அண்ணனையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஒங்க ரெண்டு பேரு வாய்லயும் இனிமே நான் வேணாம்” என்றாள். குரல் ஏறவே இல்லை.

போய்விட்டாள். அண்ணன், “நானும் கிளம்பறேன்” என்று தான் கொண்டுவந்த ஆப்பிள் பையைத் தாண்டி நடந்தான். என் வீட்டுக்காரர் கை கழுவிவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, “எல்லாம் உன் அண்ணன் ஆரம்பிச்சது” என்பதுதான். நான் அன்றைக்கு அவரோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் பல நாள் பேசவில்லை. அண்ணனுக்கு ஞாயிறு சாப்பாட்டை நிறுத்தினேன். ஹோட்டலில் சாப்பிடட்டும், அங்கே பில்லில் வரி தனியாகப் போட்டுக் கொடுப்பான், வைத்துப் படிக்கட்டும். ஆனால் இந்த இரண்டு பேரும் இப்போதும் போனில் பேசிக்கொள்கிறார்கள். கடனைப் பற்றித்தான்.

ஒன்றாம் தேதி வந்தது. தையல் மெஷின் மேல் இருந்த என் போன் ஒலித்தது. நாத்தனார் பணம் அனுப்பியிருந்தாள். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அங்கே கொடுக்க வேண்டியவள், வழக்கம்போலவே முழுசாக அனுப்பியிருந்தாள். குளித்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்:

“வந்துடுச்சா?”

ஓசி என்று சொன்ன அதே வாய். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. “வந்துச்சு. திருப்பி அனுப்பறேன். சிலிண்டருக்கு இந்த மாசம் உன் கட்சியப் போய்க் கேளு” என்றேன். அவர் கண்ணெதிரிலேயே முழுப் பணத்தையும் அவளுக்கே திருப்பி அனுப்பினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நெஞ்சு லேசானது போல இருந்தது. நியாயத்தைச் செய்துவிட்டேன் என்று அந்தக் காலை முழுக்க நிமிர்ந்துதான் திரிந்தேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவள் கூப்பிட்டாள். பின்னால் பெண்கள் பேச்சும் டிபன் டப்பா மூடிகளின் சத்தமும் கேட்டன.

“அண்ணி, காசு திரும்பி வந்துடுச்சே. போன்ல எதுனா கோளாறா?”

“கோளாறெல்லாம் இல்லடி. நான்தான் அனுப்பினேன். அந்த மனுசன் அப்படிச் சொன்னதுக்கப்புறம் உன் துட்டு இந்த ஊட்டுக்கு வேணாம். நீயே வச்சிக்கோ. நீ நல்லா இரு.”

அவள் தன் டப்பாவை மூடுகிற சத்தம் கேட்டது.

“அந்த ஊட்ல என்னுதுன்னு இருந்தது அது ஒண்ணுதான் அண்ணி” என்றாள். “நீங்களும் என்னை வேணாம்னுட்டீங்களா?”

அங்கே மணி அடித்தது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

“அனுப்புடி” என்றேன்.